இவ்வளவு தயாராக இருந்த ஜப்பானில் 2011இல் ஏன் அத்தனை பேர் இறந்தார்கள்?

நீங்கள் கேட்டது இது: "நிலநடுக்கத்துக்கு உலகத்திலேயே அதிகம் தயாரான நாடு ஜப்பான். 2011இல் மூன்றே நிமிடத்தில் சுனாமி எச்சரிக்கை கொடுத்தார்கள். கரையெல்லாம் சுவர் வேறு. அப்படியும் 18,000 பேர் போய்விட்டார்கள் என்றால் அந்தச் சுவர், ஒத்திகை எல்லாம் வீண்தானே?" இதற்குள் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. தயாரிப்பு பலித்ததா என்பது ஒன்று. எதற்குத் தயாராகி இருந்தார்கள் என்பது இன்னொன்று. இரண்டாவதைப் பிடித்தால் முதல் முடிச்சு தானாக அவிழும்.

நான் சிவில் இன்ஜினியர். 2004க்குப் பிறகு நாகப்பட்டினம் பக்கம் மீனவர் குடியிருப்பு கட்டும் வேலையில் சில வருடங்கள் இருந்தேன். 2014இல் ஒரு பயிற்சிக்காக வடகிழக்கு ஜப்பானின் சென்டாய் நகருக்குப் போனபோது வடக்கே கரையோர ஊர்கள் சிலவற்றைச் சுற்றிப் பார்த்தேன். கட்டடம், கரைத்தடுப்பு, மக்களை இடம் மாற்றுவது, இவை நான் வேலை செய்த விஷயங்கள். அணு உலை என் துறை இல்லை. அதைப் பற்றிச் சொல்லும்போது வெளியாள் சொல்வதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சந்தேகமே இல்லாததைச் சொல்லிவிடுகிறேன். 2011 மார்ச் 11, வெள்ளிக்கிழமை மதியம் 2:46. சென்டாய்க்குக் கிழக்கே கடலடியில் 9.0 அளவு நடுக்கம். ஜப்பானில் கருவி வைத்து அளக்க ஆரம்பித்த பிறகு இதைவிடப் பெரியது பதிவானதில்லை. சுமார் 500 கிலோமீட்டர் நீளத்துக்குக் கடலடிப் பாறை உடைந்து நகர்ந்தது. கடலடிப் பள்ளத்தை ஒட்டிய இடத்தில் நகர்வு 50 மீட்டர். ஒஷிக்கா தீபகற்பம் ஐந்து மீட்டருக்கு மேல் கிழக்கே தள்ளிப்போய், ஒரு மீட்டருக்கு மேல் கீழே இறங்கியது. ஆட்டம் பல நிமிடம் நிற்கவே இல்லை. இத்தனைக்கும் நடுவில் பயணிகளோடு ஓடிக்கொண்டிருந்த ஒரு புல்லட் ரயில்கூடத் தடம் புரளவில்லை. கரையில் வைத்த கருவிகள் அதிர்வைப் பிடித்ததும் மின்சாரம் துண்டாகி, பெரிய அதிர்வு வருவதற்கு முன்பே ரயில்கள் வேகம் குறைய ஆரம்பித்திருந்தன. காவல்துறைக் கணக்கில் இறந்தவர்கள் சுமார் 15,900 பேர். இன்னும் 2,500 பேருக்கு மேல் காணாமல் போனவர்கள் பட்டியலிலேயே இருக்கிறார்கள். இறந்தவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் நீரில் மூழ்கியவர்கள். இடிபாட்டில் நசுங்கியவர்கள் நூற்றுக்கு ஐந்துகூட இல்லை. 1995இல் கோபே நகரில் இதைவிடப் பலமடங்கு சிறிய நடுக்கத்தில் 6,400 பேர் இறந்தபோது பெரும்பாலோர் வீடு இடிந்து இறந்தவர்கள். ஊருக்கு நேர் கீழே வந்த நடுக்கம், கடலுக்குள் வந்த நடுக்கம் என்ற வித்தியாசம் உண்டு, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் கட்டட விதியும் ரயில் கருவியும் தங்கள் வேலையைச் செய்தன. நிலம் ஆடுவதற்கான தயாரிப்பு பலித்தது.

பலிக்காதது கடலுக்கான தயாரிப்பு. அதில்கூட எச்சரிக்கை தாமதமாகவில்லை. 2:49க்கே வந்துவிட்டது. அதில் இருந்த எண்தான் சிக்கல். மியாகி மாவட்டத்துக்கு 6 மீட்டர், இவாத்தேக்கும் ஃபுகுஷிமாவுக்கும் 3 மீட்டர் என்றார்கள். உண்மையில் பல இடங்களில் 10 மீட்டரைத் தாண்டியது. மலைச்சரிவில் ஏறிய உயரம் என்று பார்த்தால் மியாக்கோ பக்கம் 40 மீட்டரைத் தொட்டது. ஏன் இப்படிக் குறைத்துச் சொன்னார்கள்? பாறை உடைந்து முடியவே ஏறக்குறைய மூன்று நிமிடம் ஆகிறது. மூன்றாவது நிமிடம் கையில் இருக்கிற அலைப்பதிவை வைத்துக் கணக்குப் போட்டால் எட்டுக்கு மேல் எதுவும் எட்டு மாதிரியே தெரியும். அவர்களுக்குக் கிடைத்தது 7.9. பதினைந்து நிமிடத்தில் சரியான கணக்கு வரவேண்டிய நுட்பமான கருவிகளில், அதிர்வு அளவுகோலையே தாண்டிவிட்டது. கடலில் மிதக்கவிட்ட ஜிபிஎஸ் மிதவைகள் நீர்மட்டம் மளமளவென்று ஏறுவதைக் காட்டிய பிறகுதான் 3:14க்கு மியாகிக்கு "10 மீட்டருக்கு மேல்" என்று மாற்றினார்கள். அதற்குள் பல ஊர்களில் கரண்ட் இல்லை, டிவி இல்லை. முதல் எண்ணோடேயே நிறையப் பேர் நின்றுவிட்டார்கள்.

இன்னொரு சின்ன விஷயம் என்னை ரொம்ப நாள் உறுத்தியது. திருத்தம் வருவதற்கு முன், ஒஃபுனாத்தோ துறைமுகத்தில் முதல் அலை 20 சென்டிமீட்டர் என்று அறிவிப்பு போனது. தவறான தகவல் இல்லை. முதல் அலை அவ்வளவுதான். கேட்டவர் மனதில் என்ன தோன்றியிருக்கும்? போன வருடம்தான் சிலி நாட்டு நடுக்கத்துக்கு 3 மீட்டர் என்று பயமுறுத்தி, பாதிகூட வரவில்லை. இரண்டு நாள் முன்பு, மார்ச் 9 அன்று, 7.3 அளவு நடுக்கம் வந்து அதற்கும் ஒரு சின்ன அலைதான் வந்தது. புலி வருது, புலி வருது என்று எத்தனை தடவை ஓடுவது? இதனால் எத்தனை பேர் தங்கிவிட்டார்கள் என்று கணக்குப் போட முடியாது. பிழைத்தவர்களைத்தான் கேட்க முடியும், போனவர்களைக் கேட்க முடியாது. அதனால் இந்தக் காரணம் இருந்தது என்பது உறுதி, இதன் எடை எவ்வளவு என்பது ஊகம்.

சரி, சுவர். தாரோ என்ற ஊரில் 10 மீட்டர் உயரம், 2.4 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு பெரிய சுவர். உள்ளூரில் அதை "சீனப் பெருஞ்சுவர்" என்பார்கள். 1933 சுனாமிக்குப் பிறகு ஆரம்பித்துப் படிப்படியாகக் கட்டியது. 2011இல் அலை அதைத் தாண்டிக் குதித்து, ஒரு பகுதியை உடைத்தும் போட்டது. சுமார் 180 பேர் இறந்தார்கள். கமாயிஷியில் கடலுக்குள் 63 மீட்டர் ஆழத்திலிருந்து எழுப்பிய அலைத்தடுப்பு, முப்பது வருட வேலை. 2009இல்தான் முடிந்தது. அதுவும் உடைந்தது. இதையெல்லாம் பார்த்து "வீண்" என்கிறீர்கள். ஆனால் வடக்கே ஃபுதாய் என்று ஒரு சின்ன ஊர் இருக்கிறது. 1933 அலையைக் கண்ணால் பார்த்த கோத்தோகு வாமுரா என்ற ஊர்த்தலைவர், 15.5 மீட்டரில் வெள்ளக்கதவு வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். இவ்வளவு உயரம் எதற்கு, வெட்டிச் செலவு என்று ஏச்சு. 1984இல் கட்டி முடித்தார்கள். 2011இல் அந்தக் கதவுக்குப் பின்னால் இருந்த ஊரில் ஒரு சாவு இல்லை. படகைப் பார்க்கக் கடல் பக்கம் போன ஒருவர் மட்டும் காணவில்லை. அங்கேயும் அலை கதவைத் தாண்டியது, ஆனால் வீடுகளை எட்டவில்லை. ஆக, சுவர் எவ்வளவு உயரம், அலை அதை எவ்வளவு தாண்டுகிறது என்பதில்தான் வெற்றியும் தோல்வியும். இதில் தத்துவம் எதுவும் இல்லை.

கமாயிஷி தடுப்பு உடைவதற்கு முன் அலையை ஆறு நிமிடம் தாமதப்படுத்தியது, உயரத்தையும் நாற்பது விழுக்காடு குறைத்தது என்று ஓர் ஆய்வு நிறுவனம் சொன்னது. அது கணினியில் போட்ட கணக்கு. தடுப்பு இல்லாத இன்னொரு கமாயிஷியைக் கொண்டுவந்து வைத்து ஒப்பிட முடியாது. நம்பலாம், சத்தியம் செய்ய முடியாது என்ற தட்டில்தான் அதை வைப்பேன். உறுதியாகச் சொல்லக்கூடியது வேறு: நிறையச் சுவர்கள் முன்னால் அடிபட்டு விழவில்லை. தாண்டி விழுந்த நீர் ஊர்ப்பக்கம் அடிமண்ணை அரித்துக் குழிபறித்த பிறகே சரிந்தன. கடல் பக்கம் தடிமனாகக் கான்கிரீட், ஊர்ப்பக்கம் புல் என்று கட்டினால் அப்படித்தான் ஆகும். இப்போது கட்டுவதில் பின்பக்க அடியையும் பலப்படுத்துகிறார்கள். கணக்கையும் இரண்டாகப் பிரித்துவிட்டார்கள். பல பத்து வருடத்திலிருந்து நூற்றைம்பது வருடத்துக்குள் ஒருமுறை வருகிற அலையைச் சுவர் தடுக்க வேண்டும். ஆயிரம் வருடத்துக்கு ஒருமுறை வருவதைச் சுவர் தடுக்காது, அதற்கு ஓடத்தான் வேண்டும் என்று அரசே எழுத்தில் ஒப்புக்கொண்டது. பொறியாளனாக இதை வாசித்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது.

என்னைக் கேட்டால் சுவரைவிட அதிகம் ஏமாற்றியது வரைபடம். எதுவரை தண்ணீர் வரும் என்று கோடு போட்ட ஆபத்து வரைபடங்கள் அங்கே ஊர் ஊராக இருந்தன. அவை எந்த நடுக்கத்தை வைத்துப் போட்டவை? மியாகி கடலில் அடுத்த முப்பது வருடத்துக்குள் 7.5 அளவில் ஒன்று வர 99 விழுக்காடு வாய்ப்பு என்று அரசுக் குழு சொல்லியிருந்தது. எல்லோரும் அதற்குத் தயாரானார்கள். பக்கத்துப் பக்கத்துப் பகுதிகள் இத்தனை ஒரே சமயத்தில் சேர்ந்து உடையும் என்பது அந்தக் கணக்கில் இல்லை. 869ஆம் வருடம் ஜோகான் காலத்தில் இதுபோல ஒன்று வந்து சென்டாய் சமவெளியில் கிலோமீட்டர் கணக்கில் மணலை விட்டுப்போனதை மண்ணியல்காரர்கள் 2011க்கு முன்பே தோண்டிக் காட்டியிருந்தார்கள். அந்த மணல் வரைபடத்துக்குள் போய்ச் சேருவதற்குள் அடுத்தது வந்துவிட்டது.

இஷினோமாக்கியில் ஒக்காவா தொடக்கப்பள்ளி. கடலிலிருந்து ஆற்றோடு நாலு கிலோமீட்டர் உள்ளே. வரைபடத்தில் தண்ணீர் வராத இடம். அக்கம்பக்கத்தாருக்கு அதுவே தஞ்சமிடமாகக் குறித்திருந்தது. நடுக்கத்துக்குப் பிறகு ஏறக்குறைய ஐம்பது நிமிடம் பிள்ளைகள் விளையாட்டுத் திடலில் இருந்தார்கள். பள்ளிக்குப் பின்னாலேயே குன்று. கடைசியில் கிளம்பியது குன்றுக்கு இல்லை, ஆற்றுப் பாலத்தருகே இருந்த கொஞ்சம் மேடான இடத்துக்கு. 108 பிள்ளைகளில் 74 பேரும் பத்து ஆசிரியர்களும் போனார்கள். அந்த ஐம்பது நிமிடத்தில் யார் என்ன சொன்னார், ஏன் குன்றேறவில்லை என்பதில் இன்றுவரை ஒத்த கருத்து இல்லை. நான் அதில் தீர்ப்புச் சொல்லத் துணியமாட்டேன். நீதிமன்றம் சொன்னது வேறொரு இடத்தைத் தொட்டது. 2018இல் உயர்நீதிமன்றம் சொல்லி, 2019இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்த தீர்ப்பு, தவறு அந்தத் திடலில் மட்டும் இல்லை, முன்கூட்டியே ஒழுங்கான திட்டம் போடாததில் இருக்கிறது என்றது. வரைபடம் பாதுகாப்பு என்று சொன்னாலும் பள்ளி தானாக யோசித்திருக்க வேண்டும் என்று ஒரு நாட்டின் நீதிமன்றம் சொல்வது சாதாரண விஷயம் இல்லை.

இதற்கு நேர்மாறான கதை கமாயிஷியில் நடந்தது. அங்கே தோஷிதாக்கா கத்தாதா என்ற பேராசிரியர் பல வருடமாகப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்துவந்தார். அவர் சொன்ன முதல் விதி: கணிப்பை நம்பாதே. வரைபடத்தைக் கொடுத்துவிட்டு அதை நம்பாதே என்றும் சொன்னவர் அவர். அந்தப் பகுதியில் "டென்டென்கோ" என்று ஒரு பழைய பேச்சு உண்டு. அலை வந்தால் அவரவர் தனித்தனியாக ஓடு, யாரையும் தேடாதே என்று பொருள். கேட்கக் கொடூரமாக இருக்கும். 1896இல் ஆட்டம் லேசாகத்தான் இருந்தது, ஆனால் அலை 22,000 பேரைக் கொண்டுபோனது. தாய் பிள்ளையைத் தேடி, பிள்ளை தாத்தாவைத் தேடிக் குடும்பம் குடும்பமாக அழிந்த ஊர்களில் பிறந்த சொல் அது. நாம் ஓடுவோம் என்று வீட்டில் எல்லோருக்கும் முன்பே தெரிந்திருந்தால் யாரும் நம்மைத் தேடித் திரும்பி வரமாட்டார்கள் என்பதுதான் உள்ளர்த்தம். உனோசுமாய் பகுதியில் நடுநிலைப்பள்ளிப் பிள்ளைகள் யார் உத்தரவுக்கும் காத்திராமல் ஓட, பக்கத்துத் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் அவர்களைப் பார்த்து ஓட, குறித்துவைத்த முதல் தஞ்சமிடம் போதாது என்று இன்னும் மேலே, அப்புறம் இன்னும் மேலே போனார்கள். கமாயிஷி முழுக்க இருந்த சுமார் 3,000 பள்ளிப் பிள்ளைகளில் ஐந்து பேர் தவிர எல்லோரும் பிழைத்தார்கள். இதைக் "கமாயிஷி அதிசயம்" என்று பத்திரிகைகள் எழுதின. அதே உனோசுமாயில் பேரிடர்த் தடுப்பு மையம் என்று பெயர் போட்ட ஒரு புதுக் கட்டடம் இருந்தது. சுனாமிக்குப் போகவேண்டிய இடமாக அது குறிக்கப்பட்டதே இல்லை. ஆனால் எட்டு நாள் முன்பு நடந்த ஒத்திகையில், வயதானவர்களுக்கு மலையேறக் கஷ்டம் என்று அங்கேயே கூடினார்கள். நிஜமாக வந்த அன்றும் அங்கேயே போனார்கள். 150 பேருக்கு மேல் உள்ளே இறந்தார்கள். நீங்கள் ஒத்திகை வீணா என்று கேட்டீர்களே, இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டு இடத்திலும் ஒத்திகையில் செய்ததைத்தான் செய்தார்கள்.

அணு உலை பற்றிச் சுருக்கமாக. ஃபுகுஷிமா தாயிச்சியில் சுமார் 35 மீட்டர் உயரக் கரையைச் செதுக்கி 10 மீட்டருக்கு இறக்கி உலையை வைத்தார்கள். அவசர டீசல் ஜெனரேட்டர்களில் பெரும்பாலானவை அடித்தளத்தில் இருந்தன. தண்ணீர் வந்ததும் அவை போயின, மூன்று உலைகள் உருகின. நடுக்கத்தின் மையத்துக்கு இன்னும் பக்கத்தில் இருந்த ஒனகாவா உலை 14.8 மீட்டர் மேட்டில் இருந்தது, ஒழுங்காக நின்றது. வீடிழந்த ஊர்க்காரர்கள் முந்நூறு பேருக்கு மேல் அந்த உலை வளாகத்துக்குள்ளேயே தங்கினார்கள் என்றால் நம்பக் கஷ்டமாக இருக்கும். அந்த உயரத்துக்கு அந்நாளில் வாதாடியவர் மின் நிறுவனப் பொறியாளர் யானோசுகே ஹிராய். 869 அலையை நினைவில் வைத்திருந்த மனிதர். கதிர்வீச்சு உடலுக்குச் செய்வதைப் பற்றி நான் பேசமாட்டேன். எனக்குத் தெரிந்த பக்கம் வெளியேற்றம். மருத்துவமனைகள், முதியோர் இல்லங்களிலிருந்து அவசர அவசரமாகப் பேருந்தில் ஏற்றிப் பல மணி நேரம் அலைந்ததில் நோயாளிகள் வழியிலேயே இறந்தார்கள். அலையில் தப்பிப் பின்னால் அலைச்சல், குளிர், மனமுறிவால் இறந்தவர்களை ஜப்பான் தனிக் கணக்காக வைக்கிறது. மொத்தம் 3,700க்கு மேல். அதில் பாதிக்கு மேல் ஃபுகுஷிமா மாவட்டத்தில் மட்டும். அங்கே அலை கொன்றதைவிட இந்தக் கணக்கு பெரியது. எந்தச் சாவை இதில் சேர்ப்பது என்று முடிவுசெய்வது உள்ளூர் ஆட்சி அமைக்கும் குழு. அதனால் இந்த எண்ணை ஊருக்கு ஊர் ஒப்பிடும்போது கொஞ்சம் கவனம் வேண்டும்.

உதவி எப்படி வந்தது என்றும் பார்க்க வேண்டும், ஏனென்றால் அங்கே தயாரிப்பு நன்றாகவே பலித்தது. மலைக்கு உள்ளே வடக்குத் தெற்காக ஓடும் சாலையை முதுகெலும்பாக வைத்து, அதிலிருந்து சீப்பின் பற்கள் மாதிரிக் கரைக்கு இறங்கும் சாலைகளை ஒவ்வொன்றாகத் திறந்தார்கள். பெயரே சீப்புப்பல் திட்டம்தான். அடுத்த நாளே 11 வழிகள், நாலு நாளில் 15. தற்காப்புப் படையினர் ஒரு லட்சம் பேர் இறங்கினார்கள். நம் தேசியப் பேரிடர் மீட்புப் படையின் 46 பேர் ஒனகாவாவுக்குப் போய் உடல்களைத் தேடி எடுத்தார்கள். அந்தப் படை வெளிநாட்டுக்குப் போனது அதுவே முதல் தடவை.

மறுகட்டுமானத்தில்தான் என் மனதில் இன்னும் கேள்விகள் இருக்கின்றன. ரிக்குசென்தகாதாவில் நான் போனபோது மலையை வெட்டி, அந்த மண்ணை ஆற்றின் மேல் தொங்கும் ராட்சதக் கன்வேயர் பெல்ட்டில் கொண்டுவந்து, ஊரையே பத்து மீட்டர் உயர்த்திக்கொண்டிருந்தார்கள். காதடைக்கிற சத்தம். 70,000 பைன் மரங்களில் தப்பிய ஒற்றை மரம், உப்புநீரில் பட்டுப்போய், பதப்படுத்தி நிறுத்திய நிலையில் தூரத்தில் நின்றது. வேலை பிரமாதம். ஆனால் மண் இறுகி வீட்டுமனை கைக்கு வர வருடங்கள் ஆயின. அதற்குள் இளையவர்கள் சென்டாய், டோக்கியோ என்று போய்விட்டார்கள். உயர்த்திய மனைகளில் நிறைய இடம் காலியாகவே கிடக்கிறது. கரை நெடுக 400 கிலோமீட்டர் அளவுக்குப் புதுச் சுவர், சில இடங்களில் 14.7 மீட்டர். கடல் தெரியாத மீன்பிடி ஊரில் எப்படி இருப்பது என்று அங்கே எழுந்த சண்டையை நான் நாகையில் வேறு வார்த்தைகளில் கேட்டிருக்கிறேன். கரையிலிருந்து தள்ளி வீடு கொடுத்தபோது, கடலைப் பார்க்காமல் எப்படி சார் தொழிலுக்குப் போறது என்றார்கள். எனக்கு அன்றும் நல்ல பதில் இல்லை.

எச்சரிக்கையை மட்டும் ஜப்பான் உடனே திருத்தியது. 2013 முதல், எட்டுக்கு மேல் இருக்கலாம் என்ற சந்தேகம் வந்தால் முதல் அறிவிப்பில் மீட்டர் எண்ணே சொல்வதில்லை. "ராட்சத அலை" என்ற சொல் மட்டும். முதல் அலை சின்னதாக இருந்தால் அளவைச் சொல்லாமல் "கவனித்துவருகிறோம்" என்பார்கள். கடலடியில் 150 கருவிகளைக் கம்பியில் கோத்துப் போட்டுவிட்டார்கள். 2024 புத்தாண்டு அன்று நோத்தோவில் நடுக்கம் வந்தபோது தேசியத் தொலைக்காட்சி அறிவிப்பாளர் நிதானமெல்லாம் விட்டுவிட்டு, ஓடுங்கள், 2011ஐ நினைத்துப் பாருங்கள் என்று கத்தினார். 2011இல் அதே தொலைக்காட்சியின் குரல் அமைதியாக இருந்தது.

நீங்கள் கேட்காவிட்டாலும் நம் கரைக்கு ஒரு வித்தியாசத்தைச் சொல்லவேண்டும். ஜப்பானில் காலடி நிலமே முதல் எச்சரிக்கை. நமக்கு ஆபத்தான பள்ளம் சுமத்ரா, அந்தமான் பக்கம், ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது. 2004இல் சென்னையில் சிலர் லேசான ஆட்டத்தை உணர்ந்தார்கள், அவ்வளவே. அலை வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தது, சொல்லத்தான் ஆள் இல்லை. 2007 முதல் ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் இருக்கிறது. 2012 ஏப்ரல் 11 அன்று 8.6 வந்தபோது அறிவிப்பு வந்தது, கரையைக் காலி செய்தார்கள். பாறைகள் பக்கவாட்டில் உரசிய நடுக்கம் என்பதால் பெரிய அலை எழவில்லை. சில நாள் கழித்து நான் முன்பு வேலை பார்த்த ஊருக்குப் போனபோது ஒரு பெரியவர், "அடுத்த தடவை நிஜமா வந்தா மட்டும் சொல்லச் சொல்லுங்க சார்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.